அவர் காட்டியதை எல்லாம் நான் பார்த்தேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 51 வயது. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையன் போன வருடம் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். கல்யாணமாகி 24 வருடத்தில் முதல்முறையாக, ஜூன் மாதம் நாங்கள் இருவர் மட்டும் காரில் ஐந்து நாள் கிளம்பினோம். கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (சாதனையாளர்களுக்கான அருங்காட்சியகம்), கிளீவ்லாண்டில் ராக் அண்ட் ரோல், கேன்டனில் அமெரிக்கன் ஃபுட்பால். எல்லாம் அவர் ஆசைப்பட்ட இடங்கள். நான் கேட்டது ஒன்றுதான், வழியில் இருக்கும் செனகா ஃபால்ஸ் என்ற ஊர்.

கூப்பர்ஸ்டவுனில் நாலரை மணி நேரம் இருந்தோம். "இங்க வாயேன்" என்று கூப்பிட்டு பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் வெண்கலப் பட்டயத்தைக் காட்டினார். 1962-இல் வைத்த பட்டயத்தில் அவருடைய ஆட்டக் கணக்குதான் இருந்ததாம். கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை அவர் உடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். 2008-இல்தான் அதைச் சேர்த்துப் புதிதாக எழுதி வைத்தார்களாம். சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. எனக்கும் மனதைத் தொட்டது.

அன்றே சாயந்தரம் செனகா ஃபால்ஸ் போய்ச் சேர்ந்தோம். "நீ பாத்துட்டு வா, எனக்கு ஒரு போன் கால் இருக்கு" என்று வண்டியிலேயே இருந்துவிட்டார். 1848 ஜூலையில் பெண்ணுரிமைக்காக இந்த நாட்டில் முதல் மாநாடு நடந்த சின்ன தேவாலயம் அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அதே கட்டடத்தில் துணி வெளுக்கும் கடைகூட நடந்திருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் வழியும் ஒரு கல் சுவர். அன்று தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட 100 பேரின் பெயர் அதில் இருக்கிறது. 68 பெண்கள், 32 ஆண்கள். சார்லட் வுட்வர்ட் என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கையுறை தைத்துக் கொடுத்த சின்னப் பெண். 1920-இல் வாக்குரிமை வந்தபோது அந்த 100 பேரில் உயிரோடு இருந்தவர் அவர் மட்டும்தான். உடம்பு முடியாமல் அவரால் ஓட்டுப் போடப் போக முடியவில்லை.

திருச்சியில் வங்கி வேலையை விட்டுவிட்டு, கணவரைச் சார்ந்து வருகிறவர்களுக்கான எச்-4 விசாவில் வந்தவள் நான். ஏழு வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தேன். அந்தச் சுவர் முன்னால் நின்று அழுதுவிட்டேன். வண்டிக்கு வந்ததும் அவர் கேட்டது: "முடிஞ்சுதா? இருட்டறதுக்குள்ள பஃபலோ போயிடலாம்."

அப்புறம் மூன்று நாளும் கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான் என் பேச்சு. "என்ன ஆச்சு?" என்று இரண்டு முறை கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். குடி கிடையாது, அடி கிடையாது, நல்ல மனிதர். இதற்குப் போய் மனசு இப்படிக் கனக்கலாமா?

ஒரு வாசகி


அன்புள்ள சகோதரி,

கனக்கத்தான் செய்யும். "இதற்குப் போய்" என்று நீங்களே அதைக் குறைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்கு மக்கள் என்ன காரணங்களுக்காக வருகிறார்கள் என்று ஜான் ஃபாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவர் வகுத்த பிரிவுகளில் ஒன்று, கூட வருபவரின் சந்தோஷத்துக்காக வருகிறவர்கள். நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் பிரிவுதான். பையனுக்காக டைனோசர் எலும்பு பார்த்திருப்பீர்கள், கணவருக்காக பேஸ்பால் மட்டை பார்த்தீர்கள். செனகா ஃபால்ஸில்தான் நீங்கள் உங்களுக்காகவே ஒன்றைப் பார்க்கப் போனீர்கள். அங்கே அந்த விசாவும் விட்ட வேலையும் நினைவுக்கு வந்து நின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை. வலி அதுதான்.

உங்கள் கணவரின் பக்கத்தை நான் கேட்கவில்லை. நாலரை மணி நேரம் நின்று படித்துவிட்டு, அதற்குமேல் காரும் ஓட்டி வந்தவர். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே இந்தக் களைப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். குனிந்து, எம்பி, எட்டிப் பார்த்துப் படிப்பதில் உடம்பு எப்படி ஓய்ந்து போகிறது என்று படம் பிடித்தே காட்டினார். இறங்காமல் இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் திரும்பி வந்த உங்கள் முகத்தைப் பார்க்காததற்கு அது காரணம் ஆகாது. அந்தக் குறை உங்களுக்கு நியாயமானதே.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார். ஒருவர் "இதைப் பாரேன்" என்கிற மாதிரி அழைத்தால் மற்றவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளிடம் 100-க்கு 86 முறை. பிரிந்துபோனவர்களிடம் 33 முறைதான். கூப்பர்ஸ்டவுனில் அவர் கூப்பிட்டார், நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். செனகா ஃபால்ஸில் நீங்கள் கூப்பிடவே இல்லை. அவர் தானாக வர வேண்டும் என்று காத்திருந்தீர்கள். பிறகு அவர் இரண்டு முறை கேட்டும் "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். சுவர் முன்னால் நீங்கள் அழுததே இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதனால் முதலில் அதைச் சொல்லுங்கள். "நீங்க வண்டிய விட்டு இறங்கவே இல்ல" என்று ஆரம்பித்தால், அந்த போன் கால் முக்கியமானது என்பார், பேச்சு அதிலேயே நின்றுவிடும். அந்தக் கையுறைப் பெண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ராபின்சனின் பட்டயத்தில் முக்கியமான வரி விடுபட்டதற்குக் குரல் கம்மிய மனிதர் அவர். அந்த ஏழு வருடத்தைப் பற்றி நீங்கள் சொன்னால் அவருக்குக் காது கேட்கும் என்றே நம்புகிறேன்.

கேட்டுவிட்டு அவரும் "இதுக்குப் போயா?" என்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அது வேறு பேச்சு, இருவரையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

சுவரில் அந்தப் பெயரைப் படம் எடுத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனை அவர் பக்கம் நகர்த்தி, "இங்க பாருங்களேன்" என்று கூப்பிடுங்கள்.