பேட்டரி மாத்தினதும் லேப்டாப் ஆன் ஆகலையா? கேள்வி பதில்

புது பேட்டரி போட்ட கையோடு லேப்டாப் எழவில்லை என்பவர்களுக்கான அமர்வு இது. கேட்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: மாடல், அடாப்டரைச் செருகினால் லேப்டாப்பில் ஏதாவது லைட் வருகிறதா, பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஆன் ஆகிறதா. "டெட் ஆயிடுச்சு" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மடிப்பாக்கத்திலிருந்து: சார், எச்பி 15. ரிச்சி ஸ்ட்ரீட்ல பேட்டரி வாங்கி வீட்லயே மாத்தினேன். அடாப்டர் போட்டா சார்ஜிங் லைட் எரியுது. பவர் பட்டன் அழுத்தினா ஒண்ணுமே இல்ல. டூப்ளிகேட் பேட்டரி கொடுத்துட்டாங்களா?

பேட்டரி மேல் பழி போட அவசரப்படாதீர்கள். சார்ஜிங் லைட் எரிகிறது என்றால் அடாப்டர், ஜாக், சார்ஜிங் சர்க்யூட் மூன்றும் வேலை செய்கின்றன. பேட்டரியோடு போர்டு பேசவும் செய்கிறது. வராதது பெரும்பாலும் நீங்கள் பட்டனை அழுத்தும் தகவல்தான். பல மாடல்களில் பவர் பட்டன் தனிக் குட்டி போர்டில் இருக்கும், அல்லது கீபோர்டோடு சேர்ந்திருக்கும். மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்றுதான் அதை மதர்போர்டோடு இணைக்கிறது. மூடியைக் கழற்றும்போது அது லேசாக இழுபட்டாலே போதும்.

முதலில் அடாப்டரைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பேட்டரி மாட்டியிருக்கும்போது ரிப்பனைத் தொடவே கூடாது. பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கிய சார்ஜ் இறங்கிவிடும். அடுத்து ரிப்பன் கனெக்டரின் லாக்கைப் பாருங்கள். சிலவற்றில் லாக் மேல்நோக்கித் திறக்கும், சிலவற்றில் இரண்டு ஓரத்தையும் நகத்தால் வெளியே தள்ள வேண்டும். தெரியாமல் நெம்பினால் லாக் உடைந்துவிடும், அதற்குப் பிறகு டேப் ஒட்டிச் சமாளிப்பதுதான் வழி. ரிப்பனை வெளியே எடுத்து, தங்க நிறக் கோடுகளில் மடிப்போ கிழிசலோ இருக்கிறதா பாருங்கள். மீண்டும் செருகும்போது அதன் முனை கனெக்டருக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் பட்டன் வேலை செய்யாது.

இப்போது பேட்டரி இல்லாமல், அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். வந்தால் அணைத்து, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாட்டுங்கள்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, எந்த லைட்டும் இல்ல. அடாப்டர்ல இருக்கிற பச்சை லைட் கூட லேப்டாப்ல செருகின உடனே அணைஞ்சிடுது. வெளியே எடுத்தா மறுபடி எரியுது.

இதுதான் இன்றைக்கு வந்ததிலேயே கவலைக்குரிய கேள்வி. அடாப்டர் நல்லபடியாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. போர்டில் ஷார்ட். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள்.

ஆனால் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் கீழ் மூடியைத் திறந்துவிட்டு, மூடி இல்லாமலே ஒரு முறை செருகிப் பாருங்கள் (பேட்டரி கழன்றிருக்கட்டும்). காரணம் ஸ்க்ரூ. கீழ் மூடியில் எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. 3 மில்லிமீட்டர் போக வேண்டிய ஓட்டையில் 6 மில்லிமீட்டரை முறுக்கினால் அது நேராகப் போர்டில் போய்க் குத்தும், அல்லது ஏதாவது கேபிளை நசுக்கும். மூடி இல்லாதபோது பச்சை லைட் நிலைத்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அந்த ஸ்க்ரூ இறங்கிய இடத்தில் போர்டில் சுரண்டல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்த முறை ஸ்க்ரூக்களை ஒரு தாளில், மூடியில் இருந்த அதே இடத்தில் குத்தி வையுங்கள்.

மூடி இல்லாமலும் லைட் அணைந்தால், பேட்டரி மாட்டும்போது அடாப்டர் செருகியே இருந்ததா, கனெக்டர் ஒரு பின் தள்ளி உட்கார்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டிலும், சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் சிப் (சார்ஜிங் ஐசி) பக்கத்தில் சுவிட்ச் மாதிரி மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற பாகம் போக வாய்ப்பு அதிகம். சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் தனித்தனிப் பாகத்தை மாற்றும் வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தாம்பரத்திலிருந்து, மறுபடி: மூடி இல்லாமலும் அதே கதைதான் அண்ணா. கடையில "மதர்போர்டு கம்ப்ளெயிண்ட், மாத்தணும்"ங்கறாங்க. நம்பலாமா?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த லைன்ல ஷார்ட், எத்தனை ஓம் காட்டுது?" மீட்டர் வைத்துப் பார்த்தவர் உடனே சொல்வார். அடாப்டரின் மின்சாரம் போர்டுக்குள் வரும் 19 வோல்ட் மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் நல்ல போர்டில் கிலோ ஓம் கணக்கில் காட்டும். ஓரிரண்டு ஓம் என்றால் அந்த லைனில் ஒரு செராமிக் கெபாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த ஒரு பாகத்தை மாற்றினால் போதும், முழு போர்டு தேவையில்லை. சிபியுவுக்கு மின்சாரம் தரும் லைன் வரைக்கும் 19 வோல்ட் பாய்ந்துவிட்டிருந்தால்தான் போர்டு மாற்றுவது நியாயம். ஒன்று எச்சரிக்கிறேன்: சிபியு லைன் நல்ல நிலையிலேயே சில ஓம்தான் காட்டும். அதைக் காட்டி "ஷார்ட்" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

அண்ணா நகரிலிருந்து: மல்டிமீட்டர் வைத்து புது பேட்டரியின் கனெக்டரில் அளந்தேன். 0 வோல்ட். கடைக்காரர் நல்ல பேட்டரி என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். பேட்டரிக்குள் ஒரு கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது. பல பேட்டரிகளில், லேப்டாப்பில் மாட்டியிருக்கிறோமா என்று ஒரு பின் வழியாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது மின்சாரத்தை வெளியே விடும். மேசையில் கிடக்கும்போது 0 காட்டுவது அதனால்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது உறக்க நிலையில் வைத்து அனுப்புவதும் உண்டு. அடாப்டரைச் செருகியதும் விழித்துக்கொள்ளும்.

ஆகவே மாட்டி, லேப்டாப்பை ஆன் செய்யாமல், அடாப்டரைச் செருகி அரை மணி நேரம் விடுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி என்றால் செல்கள் ஆழமாக இறங்கியிருக்கும். சார்ஜர் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும், இரண்டு மணி நேரம் வரைகூடப் பொறுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். வீடியோ பார்த்துவிட்டு வெளி பவர் சப்ளையிலிருந்து செல்லுக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஆழமாக இறங்கிய லித்தியம் செல்லை அப்படி எழுப்பினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

குரோம்பேட்டையிலிருந்து: பழசுல 11.1 வோல்ட்னு இருக்கு. புதுசுல 10.8. இதனாலதான் ஆன் ஆகலையா ப்ரோ?

இல்லை. இரண்டிலும் மூன்று செல் வரிசைதான். ஒரு செல்லை 3.6 என்று கணக்கிட்டால் 10.8, 3.7 என்றால் 11.1. முழு சார்ஜில் இரண்டுமே 12.6. ஆனால் 14.4, 14.8 என்று போட்டிருந்தால் அது நான்கு செல் வரிசை. உங்கள் மாடலுக்கு இரண்டு வகையும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொன்னால் தவிர அதை மாட்டாதீர்கள். 11.4 என்பது 4.35 வோல்ட் வரை ஏறும் செல்கள், அதையும் 11.1-ஐயும் குழப்ப வேண்டாம். வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) கூடக் குறைய இருந்தால் பேக்கப் நேரம்தான் மாறும்.

பள்ளிக்கரணையிலிருந்து: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல நனைஞ்ச லெனோவோ. காய வெச்சதுக்கப்புறம் பேட்டரி இல்லாம அடாப்டர்லயே ஓடிட்டு இருந்துச்சு. இப்ப பேட்டரி போட்டதும் மொத்தமா போச்சு.

பேட்டரி லைன் இத்தனை நாள் சும்மா கிடந்தது. இப்போது அதில் 24 மணி நேரமும் வோல்டேஜ் நிற்கிறது. வெள்ள நீரின் உப்பும் சேறும் பின்களுக்கு இடையில் படிந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் படிவு மின்சாரத்தைக் கடத்தும்.

பேட்டரியை உடனே கழற்றுங்கள். கனெக்டரைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று ஃபோன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய டூத் பிரஷும் போதும். வாசனை கலந்த சானிடைசர் உதவாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. போர்டை முழுதாகக் கழற்றிப் பின்பக்கத்தையும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் சேறு தங்குவது அங்கேதான். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காய்ந்த பிறகு, பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் சோதியுங்கள். எழுந்தால், பேட்டரி மாட்டும் முன் கனெக்டரின் பின்கள் ஏதாவது அரித்து மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்திருந்தால் கனெக்டரையே மாற்றச் சொல்லுங்கள்.

திருவான்மியூரிலிருந்து: பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. டெல் இன்ஸ்பிரான். பேட்டரி லைட் மஞ்சளாக 2 முறையும் வெள்ளையாக 3 முறையும் மாறி மாறி மின்னுகிறது.

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி மேடம், பாதி வேலை முடிந்தது. டெல்லில் 2 மஞ்சள், 3 வெள்ளை என்றால் ரேம் கண்ணில் படவில்லை என்று பொருள். மூடியைத் திறந்தபோது ரேம் ஸ்டிக் லேசாகக் கிளம்பியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, தங்க முனையைச் சுத்தமான தாளால் துடைத்து, சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு: டெல் என்றால் எம் எழுத்தை அழுத்திக்கொண்டே பவர் பட்டனைத் தட்டுங்கள். பேட்டரி லைட் மஞ்சளாகவே நின்றால் போர்டில் பிழை. காசு செலவில்லாத சோதனை.

டிடிஆர்5 ரேம் உள்ள புதிய மாடல்களில் இன்னொன்று. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம்கூட ஆகும். அதுவரை திரை கறுப்பு. பொறுமை இழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

பெரம்பூரிலிருந்து: திங்க்பேட். பேட்டரி மாத்தும் முன்னாடி பயாஸ்ல "டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி" கொடுத்தேன். இப்ப ஆன் ஆகலை.

அடாப்டரைச் செருகுங்கள், வந்துவிடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) அந்த ஆப்ஷனைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பேட்டரி துண்டிக்கப்படும். அந்த நிலையிலிருந்து எழுப்புவதற்கு அதுதான் வழி. திரையில் இந்த பேட்டரியை ஏற்க முடியாது, சார்ஜ் ஆகாது என்று செய்தி வந்தால், லெனோவோ அங்கீகரிக்காத பேட்டரி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

போரூரிலிருந்து: டைப்-சி சார்ஜர் லேப்டாப். ஃபோன் சார்ஜர் போட்டா லேசா லைட் வருது, ஆன் ஆகலை. ஒரிஜினல் சார்ஜர் ஊர்ல இருக்கு.

ஒரிஜினல் வரட்டும். லேப்டாப்பும் சார்ஜரும் பேசிக்கொண்டு 20 வோல்ட்டுக்கு உயர வேண்டும். சாதாரண ஃபோன் சார்ஜர் அவ்வளவு தூரம் போகாது. புது பேட்டரி காலியாக இருந்தால் அந்தச் சொற்ப வாட்டில் எழாது. 65 வாட் பிடி (PD, பவர் டெலிவரி) சார்ஜரும், அதைத் தாங்கும் கேபிளும் யாரிடமாவது கடன் வாங்கிச் சோதிக்கலாம்.

மயிலாப்பூரிலிருந்து: மேக்புக் ஏர் 2017, ஏ1466. பேட்டரி மாற்றிய பின் மேக்சேஃப் (சார்ஜர் முனை) லைட் பச்சையாக வருகிறது, பட்டன் வேலை செய்யவில்லை.

சார்ஜரைச் செருகி, கீபோர்டின் இடப்பக்க ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆப்ஷன் மூன்றோடு பவர் பட்டனையும் சேர்த்து 10 விநாடி அழுத்தி விடுங்கள். பிறகு சாதாரணமாக ஆன் செய்யுங்கள். பயனில்லை என்றால் டிராக்பேட் ரிப்பனைப் பாருங்கள், பேட்டரி மாற்றும்போது அடிபடும் முதல் கேபிள் அதுதான். இந்த மாடலில் பேட்டரி கனெக்டரை மேலே தூக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாக்கைப் பிடித்துப் போர்டுக்கு இணையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கியிருந்தால் போர்டில் உள்ள சாக்கெட்டே பெயர்ந்திருக்கலாம்.

சைதாப்பேட்டையிலிருந்து: புது பேட்டரியை முதல்ல 8 மணி நேரம் சார்ஜ் போடணுமா?

வேண்டாம். நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம் அது.

அம்பத்தூரிலிருந்து: கழற்றின பழைய பேட்டரி உப்பிப் போய் இருக்கு. வீட்ல குழந்தைங்க இருக்காங்க. என்ன பண்றது? புதுசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

உப்பியதை அழுத்தாதீர்கள், குத்திக் காற்றை வெளியேற்றப் பார்க்காதீர்கள். கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒரு மண்பாத்திரத்திலோ உலோக டப்பாவிலோ வைத்து, குழந்தைகளுக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்த பிராண்டின் சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ கொடுங்கள்.

வாங்கும்போது பழைய பேட்டரியின் லேபிளை ஃபோட்டோ எடுத்துப் போங்கள். லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை பேட்டரி இருக்கும். பார்ட் நம்பர், வோல்டேஜ், கனெக்டர் எந்தப் பக்கம், எத்தனை பின் என்பது நான்கும் ஒத்துப்போக வேண்டும். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற பேட்டரி பாதுகாப்புத் தரநிலை எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். தயாரிப்புத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேளுங்கள். பில்லில் பார்ட் நம்பரை எழுதச் சொல்லுங்கள். மாற்றிக் கேட்கப் போகும்போது அது இல்லாமல் பேச்சே நகராது.