ரிசர்வ் வங்கியின் கணக்கைத் தணிக்கை செய்வது யார்?

கேள்வி: அரசுத் துறைகள் அனைத்தையும் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்), ரிசர்வ் வங்கியின் பக்கம் மட்டும் ஏன் செல்வதில்லை?

பதில்: செல்லக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 50ஆவது பிரிவில், குறைந்தது இரண்டு தணிக்கையாளர்களை மத்திய அரசு நியமிக்க வேண்டும் என்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவனங்களே அந்தப் பணியைச் செய்து வருகின்றன. வங்கியின் கணக்குகளை ஆராய்ந்து அறிக்கை தர சி.ஏ.ஜி.யை எப்போது வேண்டுமானாலும் நியமிக்கும் அதிகாரத்தை 51ஆவது பிரிவு அதே அரசுக்குத் தருகிறது. ஆகவே சி.ஏ.ஜி. தாமாக உள்ளே செல்ல இயலாது. அவரை அனுப்ப வேண்டிய அரசோ, வங்கியின் உபரியைப் பெற்றுக்கொள்ளும் தரப்பாகவும் இருக்கிறது.

கேள்வி: அந்த உபரியை நிர்ணயிப்பது யார்?

பதில்: வாராக் கடன், தேய்மானம் முதலியவற்றுக்கு ஒதுக்கியது போக எஞ்சும் இலாபம் 47ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்குச் செல்கிறது. எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எதிர்பாராத இழப்புகளைச் சமாளிக்க வங்கி ஒதுக்கி வைக்கும் இடர் காப்பு நிதி, இருப்புநிலைக் குறிப்பின் (பேலன்ஸ் ஷீட்) மொத்தத்தில் 5.5 முதல் 6.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்று வங்கியின் முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. வங்கியின் மத்திய வாரியம் 5.5 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்ததால், 2018-19ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்ட 1,76,051 கோடி ரூபாயில் 52,637 கோடி ரூபாய், மிகுதியாக இருந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக அமைந்தது. பதிவேடுகளைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் இதில் பிழை காண முடியாது. இதை நாடாளுமன்றம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வட்டி விகித முடிவுகளையும் தணிக்கை செய்யலாமா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்காவின் மைய வங்கியான பெடரல் ரிசர்வைத் தணிக்கைக்கு உட்படுத்திய 1978ஆம் ஆண்டுச் சட்டமும், வட்டி விகிதம் போன்ற பணக்கொள்கை முடிவுகளை விலக்கியே வைத்தது. இங்கே, பணவீக்க இலக்கு தொடர்ந்து மூன்று காலாண்டுகள் தவறினால், காரணத்தை விளக்கி வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். 2022இல் அந்த நிலை வந்தது, அறிக்கையும் சென்றது, ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. தணிக்கை கோருவோர் முதலில் கேட்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான்.

கேள்வி: மாநில அரசின் பணமும் ரிசர்வ் வங்கியில்தானே இருக்கிறது? அதை யார் ஒப்பிடுகிறார்கள்?

பதில்: மாநில அரசின் கணக்குகளைத் தொகுக்கும், சி.ஏ.ஜி.யின் கீழுள்ள அதிகாரியான மாநிலக் கணக்காயர். அவருடைய ஏட்டின்படி உள்ள ரொக்க இருப்பையும், நாக்பூரிலுள்ள ரிசர்வ் வங்கியின் மையக் கணக்குப் பிரிவு தெரிவிக்கும் இருப்பையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஆண்டு நிதிக் கணக்குகளில் அடிக்குறிப்பாக வெளியிடுவார்கள். ரிசர்வ் வங்கியின் சார்பில் அரசுப் பணத்தைக் கையாளும் முகவர் வங்கிகள் தவறாகத் தெரிவிப்பதும், கருவூலங்கள் கணக்கை ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் விடுவதுமே பெரும்பாலும் அதற்குக் காரணம்.