கஅபாவின் திரையை ஏன் தூக்கிக் கட்டுகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ் காலப் படங்களில் கஅபாவின் கறுப்புத் திரையைக் கீழே உயர்த்திக் கட்டி, சுற்றிலும் வெள்ளைத் துணி போட்டிருக்கிறார்கள். ‘கஅபாவே இஹ்ராம் கட்டிவிட்டது’ என்கிறார்கள் எங்கள் ஊரில். இதுவும் ஹஜ் கடமைகளில் ஒன்றா? திரை இன்னும் எகிப்திலிருந்துதான் வருகிறதா?
கே.

அன்புள்ள கே.,
வ அலைக்குமுஸ்ஸலாம்.

கடமை இல்லை. ‘கஅபாவின் இஹ்ராம்’ என்பது, ஹாஜிகள் உடுத்தும் வெள்ளை இஹ்ராம் உடையை வைத்து வந்த வெறும் பேச்சுவழக்கு. உண்மைக் காரணம் கத்தரிக்கோல். பரக்கத் (அருள்வளம்) என்று நினைத்துத் துண்டு வெட்டுபவர்களும் நூல் பிடுங்குபவர்களும் எப்போதும் உண்டு. அதனால் கூட்டம் பெருகுமுன், ஹஜ்ஜுக்கு முந்தைய மாதமான துல்கஃதாவின் நடுவாக்கில், கிஸ்வா எனப்படும் இந்தத் திரையின் அடிப்பகுதியை ஏறத்தாழ 3 மீட்டர் உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள். வெளியே தெரியும் சுவருக்குத்தான் அந்த வெள்ளைப் பருத்தித் துணி.

தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும் அந்தப் பட்டுத் துணியை நெருங்கிப் பாருங்கள். கறுப்பின் மேல் கறுப்பாக, நெசவிலேயே ‘யா அல்லாஹ்’ என்ற அழைப்பும் கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழியும் வரிவரியாக ஓடும். வெட்டுபவர் கை வைப்பது இந்த எழுத்துகளின் மேல்தான். எனக்கு ஆறாத வருத்தம் இது.

மேலே மின்னும் எழுத்துகள் வேறு வேலை. எழுத்தின் வடிவைத் துணியில் அச்சிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, முதலில் பருத்தி நூலால் நிரப்பிப் புடைக்க வைப்பார்கள். அதன்மேல் தங்க முலாம் பூசிய வெள்ளி இழையை நெருக்கமாகப் பதித்துத் தைப்பார்கள். முழுத் தங்கக் கம்பி என்று பரவும் செய்தி தவறு. திரையைச் சுற்றி வரும் பட்டி மட்டும் 95 செ.மீ. அகலம், 47 மீட்டர் நீளம், 16 துண்டுகள்.

மாற்றும்போது கஅபாவை வெறுமையாக விடுவதில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புதியதைக் கூரையில் கட்டி இறக்கிக்கொண்டே பழையதை அவிழ்ப்பார்கள். கூரையின் மழைநீர்க் குழாயான மீஸாபுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அது இருக்கும் ஹத்தீம் (அரைவட்டக் குட்டைச் சுவர்) பக்கம்தான் முதலில். துல்ஹஜ் 9-ல், ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் இருக்கும்போது மாற்றுவார்கள் என்று படித்திருப்பீர்கள். அது பழைய வழக்கம். 2022 முதல் முஹர்ரம் 1, அதாவது இஸ்லாமியப் புத்தாண்டு நாளில் மாற்றுகிறார்கள்.

எகிப்தைப் பொறுத்தவரை, 1926-ல் மக்காவை அடுத்த மினாவில், எகிப்திலிருந்து ஒட்டகத்தின் மேல் வரும் மஹ்மல் என்ற அலங்காரப் பல்லக்கின் ஊர்வலத்தை ஒட்டி நடந்த மோதலுக்குப் பிறகு வரத்து நின்றது. அடுத்த ஆண்டே மக்காவில் ஒரு தொழிற்கூடம் தொடங்கினார்கள். நெசவாளர்களை இந்தியாவிலிருந்து அழைத்து வந்தார்கள். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. பிறகு எகிப்து மீண்டும் அனுப்பியது. 1962-ல் அது அடியோடு நின்றது. 1977 முதல் மக்காவின் உம்முல் ஜூத் பகுதியில் உள்ள தொழிற்சாலையில்தான் கிஸ்வா தயாராகிறது.