விடுதிப் பொது அறையை மாற்றி அமைப்பது: கேள்வி பதில்

30 அடிக்கு 20 அடி அறை. படிப்பு, டிவி, டேபிள் டென்னிஸ், மாதக் கூட்டம் எல்லாம் இதிலேயே நடக்க வேண்டும் என்று கேட்ட விடுதி மாணவர்களுக்கான பதில்கள்.

கேள்வி: முதலில் எதை வாங்குவது சார்?

பதில்: ஒரு டப்பா சாக்பீஸ். மேசை, நாற்காலி எல்லாவற்றையும் உண்மை அளவில் தரையில் வரையுங்கள். படிப்புக்கு ஒரு நிறம், கூட்டத்துக்கு வேறு நிறம். பயன்படாத நேரத்தில் ஒவ்வொன்றும் எங்கே போய் நிற்கும் என்பதையும் வரையுங்கள். ஒதுங்க இடமில்லாத சாமானை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள். கதவுக்குப் போகும் வழி எப்படி மாற்றினாலும் 4 அடி திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: மேசை என்ன அளவு?

பதில்: 4 அடிக்கு 2 அடி, உயரம் 30 அங்குலம். இரண்டைச் சேர்த்தால் சதுரம், நால்வர் உட்காரலாம். நகர்த்தக் காலில் சக்கரம் 3 அங்குலம், பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்). நைலான் சக்கரம் டைல்ஸில் கடகடக்கும். பிரேக் போட்டால் சக்கரம் உருளாமலும் திரும்பாமலும் நிற்க வேண்டும். உருள்வதை மட்டும் தடுத்தால் எழுதும்போது மேசை ஆடும்.

கேள்வி: முன்னாள் மாணவர் ஒருவர் பழைய சோபா தருகிறார், வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தையல் மடிப்பில் மூட்டைப்பூச்சி வரும், பையோடு எல்லா அறைக்கும் போகும்.

கேள்வி: டேபிள் டென்னிஸ் மேசை விரித்தே இருக்கட்டும் சார். மடக்கி மடக்கி கீல் கெட்டுப்போகும்.

பதில்: மேசை 9க்கு 5 அடி. இரு முனையிலும் 5 அடி, பக்கவாட்டில் 3 அடி விட்டால் 19க்கு 11, அதாவது 209 சதுர அடி. அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். விளையாடாத நேரமெல்லாம் அதன்மேல் பைதான் கிடக்கும்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் வராந்தாவில் போடலாமே?

பதில்: சாரல் பட்டால் பலகை ஓரம் உப்பும், அங்கே பந்து எழும்பாது. காற்றும் பந்தை இழுக்கும். உள்ளேயும் விளையாடும்போது நிறுத்த, அந்த இடத்து மின்விசிறிக்குத் தனி சுவிட்ச் வையுங்கள்.

கேள்வி (முதலாமவர்): மடக்கும்போது கை நசுங்குமே?

பதில்: நியாயமான பயம். பாதி மேசையே கனமானது. தானாக விழும் பூட்டு உள்ளதாக வாங்கி, இருவர் சேர்ந்துதான் மடக்க வேண்டும் என்று மேசையிலேயே எழுதி ஒட்டுங்கள். அதற்காக விரித்தே வைப்பது தீர்வாகாது.

கேள்வி: நடுவில் திரைச்சீலை போட்டால் படிப்பவர்களுக்குச் சத்தம் கேட்காதுதானே?

பதில்: கேட்கும். துணி எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. சத்தத்தை நிறுத்தக் கனமும் இடைவெளியின்மையும் வேண்டும். நேர அட்டவணை போடுங்கள்.

கேள்வி: கெட்டில், அயர்ன் பாக்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதுமா?

பதில்: போதாது. 1,500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாக்ஸில் முனை சூடேறி உருகக்கூடும். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது) வேண்டும். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

கேள்வி: டிவி எந்தச் சுவரில்?

பதில்: ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், திரையில் வெளிச்சம் அடிக்கும். பக்கவாட்டுச் சுவர்.

கேள்வி: சார், மேசை அளவு சொல்லுங்களேன்?

பதில்: மேலே இருக்கிறது, 4க்கு 2. சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரெக்சின் சோபாவாவது வாங்கலாமா?

பதில்: தனித்தனி இருக்கையாக, ஒருவரே நகர்த்தும் கனத்தில் இருந்தால் வாங்கலாம். பழையது மட்டும் வேண்டாம்.