நோட்டும் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

பயணத்தில் எடுத்த படங்களைப் பார்த்து வீட்டில் வாட்டர்கலர் வரைகிறேன். படத்தில் நிழல் எல்லாம் ஒரே கறுப்பு. நேரில் அப்படி இல்லை என்று தெரிகிறது. எப்படி இருந்தது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

நிழல் கறுப்பாக இருந்திருக்காது, உங்கள் சந்தேகம் சரிதான். வெயில் விழும் சுவரைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, வாசலுக்குள் இருக்கும் இருட்டைப் பார்க்கும்போது விரிகிறது. இரண்டையும் மூளை ஒட்டி ஒரே காட்சியாகக் கொடுத்துவிடுகிறது. கேமராவுக்கு ஒரு படத்துக்கு ஒரு எக்ஸ்போஷர்தான், அதாவது உள்ளே விடும் ஒளிக்கு ஒரே அளவு. சுவருக்குச் சரியாக வைத்தால் வாசல் கறுத்துவிடும். சில போன்கள் பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து நிழலைத் தூக்கிக் காட்டும். அது இன்னொரு பொய்: வெயிலும் நிழலும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகி, படம் சப்பென்று ஆகிவிடும்.

ஒரே இடத்தில் நின்று மூன்று படம் எடுங்கள். ஒன்று கேமரா சொல்லும் அளவில், அடுத்தது இரண்டு ஸ்டாப் குறைத்து, மூன்றாவது இரண்டு ஸ்டாப் கூட்டி. ஒரு ஸ்டாப் என்றால் ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது. போனில் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் போதும். குறைத்த படத்தில் வானமும் சுவரும் இருக்கும், கூட்டிய படத்தில் நிழலுக்குள் இருக்கும் நிறம் தெரியும். வரையும்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், சூரியப் படம் போட்ட அமைப்பில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் மாலை வெளிச்சத்தின் மஞ்சளைக் கேமரா தவறு என்று எண்ணித் திருத்தி வைத்துவிடும். நீங்கள் அங்கே நின்றதே அந்த மஞ்சளுக்காகத்தான்!

இவ்வளவு செய்தாலும் நிறம் முழுதாக வராது. அதற்குத்தான் நோட்டு. நான்கு வரி போதும், இப்படி:

"மாலை 4.40. வெயில் இடப்பக்கத்திலிருந்து. மிக வெளிச்சம்: சுவரின் மேல் விளிம்பு, வானத்தைவிடவும். மிக இருட்டு: கதவிடுக்கு. தரை நிழல் நீலச் சாம்பல், சுவரை ஒட்டிய ஒரு சாண் மட்டும் செம்மை."

கடைசி வரிதான் உங்கள் ஓவியத்தைக் காப்பாற்றப்போகிறது. தரையில் விழும் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம், அதனால் அது நீலம் பாய்ந்திருக்கிறது. சுவருக்கு அருகில் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதைச் சூடாக்குகிறது. "அழகான ஊதா நிழல்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது. எதைவிட நீலம், எதைவிட இருட்டு என்று ஒப்பிட்டு எழுதுங்கள். வரையும்போது கறுப்பு வண்ணத்தைத் தொடவேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் சாம்பல் கிடைக்கும். வானம் பார்த்த பக்கம் நீலத்தைக் கூட்டுங்கள், சுவர்ப் பக்கம் சியன்னாவைக் கூட்டுங்கள்.

மரத்தடியில் விழும் வெளிச்சப் புள்ளிகளை இலை இடுக்கின் வடிவத்தில் கோணல்மாணலாக வரைந்தேன். தவறு என்றார்கள். ஏன்?

ஏனென்றால் அவை இடுக்கின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள். சிறிய இடுக்கு ஒவ்வொன்றும், லென்ஸ் இல்லாமல் ஒரு சிறு துளையாலேயே பிம்பம் விழவைக்கும் ஊசித்துளை கேமராவாக வேலை செய்கிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அதே புள்ளிகள் பிறையாகிவிடும்.

அளவையும் கணக்குப் போடலாம். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம்தான். எனவே பிம்பத்தின் அகலம், இடுக்கிலிருந்து ஒளி வந்த தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. உச்சி வெயிலில் 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடுக்கு, தரையில் சுமார் 5 செ.மீ. வட்டம் போடும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும் காலையில், அதே இடுக்கிலிருந்து ஒளி 10 மீட்டர் சாய்ந்து வருகிறது. அப்போது புள்ளி 9 செ.மீ. அகலமும் 18 செ.மீ. நீளமும் உள்ள நீள்வட்டம். வட்டமா நீள்வட்டமா என்பதை வைத்தே ஓவியத்தில் நேரத்தைச் சொல்லிவிடலாம். கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் பெரிய இடுக்கு மட்டும் தன் சொந்த வடிவத்தையே காட்டும்.

நிழல் ஓரத்துக்கும் இதே கணக்கு. மேசைமேல் இருக்கும் கண்ணாடித் தம்ளரின் நிழல் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரமோ 9 மி.மீ. அகலத்துக்குக் கரைந்துவிடும். எல்லா ஓரத்தையும் ஒரே கூர்மையில் வரைந்தால் வெயில் போய்விடும்.

ஊசித்துளை கேமராவை வீட்டிலேயே செய்ய முடியுமா? ஒருமுறை முயன்றதில் தாள் முழுக்கக் கறுத்துப்போனது.

முடியும். முதலில் துளையின் அளவு. பெரிதானால் படம் மங்கும், மிகச் சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறி அப்போதும் மங்கும். துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மி.மீ.-இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.037-ஆல் பெருக்குங்கள். 100 மி.மீ. ஆழமுள்ள டப்பாவுக்கு 0.37 மி.மீ. வரும்.

குளிர்பான அலுமினிய டப்பாவிலிருந்து 2 செ.மீ. சதுரத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அட்டைமேல் வைத்து, இருப்பதிலேயே மெல்லிய தையல் ஊசியின் முனையை மட்டும் அழுத்துங்கள், குத்தித் துளைக்கவேண்டாம். மறுபக்கம் புடைத்திருக்கும் இடத்தை 600 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். தேயத் தேயத் துளை தானே திறக்கும். ஊசியை மறுபடி சுழற்றிவிட்டுப் பிசிறை எடுங்கள். ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தால் 0.37 மி.மீ. துளை 35 பிக்சல் அகலம் காட்டும். வட்டமாக இல்லையென்றால் தயங்காமல் அடுத்த துண்டு. நாலைந்து வீணாகும், அது வழக்கம்தான்.

டப்பாவின் உட்புறம் மினுக்கமில்லாத கறுப்பு பெயின்ட். துண்டைக் கறுப்பு டேப்பால் உள்பக்கமாக ஒட்டுங்கள். வெளியே ஒரு டேப் துண்டுதான் ஷட்டர். கறுப்பு வெள்ளை போட்டோ தாளை இருட்டறையில், தாளைப் பாதிக்காத சிவப்பு விளக்கில் (சேஃப்லைட்) உள்ளே வையுங்கள், பளபளப்புப் பக்கம் துளையைப் பார்க்கவேண்டும்.

எக்ஸ்போஷர்: தூரம் 100-ஐத் துளையின் அகலம் 0.37-ஆல் வகுத்தால் எஃப் 270. எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும். நல்ல வெயிலில் எஃப் 16-க்கு ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) எண்ணில் ஒரு பங்கு விநாடி என்பது பழைய சூத்திரம். தாளை ஐஎஸ்ஓ 6 என்று கொண்டால் எஃப் 16-இல் ஆறில் ஒரு விநாடி. 270 என்பது 16-ஐப்போல் 17 மடங்கு, அதன் வர்க்கம் சுமார் 285. அதை ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 48 விநாடி. மேகம் மூடியிருந்தால் நான்கு மடங்கு கொடுத்துப் பாருங்கள். தாள் நீல ஒளியைத்தான் பிடிக்கும் என்பதால் மாலை மஞ்சள் வெயிலில் கணக்கைவிட அதிகம் தேவைப்படும். டெவலப்பர், ஃபிக்சர் ரசாயனங்களில் கழுவியதும் கிடைப்பது நெகட்டிவ். போனில் படம் பிடித்து நிறத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

இனி உங்கள் கறுத்த தாள். காட்சி சிறிதுமின்றிச் சீராகக் கறுத்திருந்தால் மூடி வழியாக ஒளி புகுந்திருக்கிறது, அல்லது சேஃப்லைட் சரியில்லை. சோதிக்க, துளையை மூடியபடி டப்பாவைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு அந்தத் தாளைக் கழுவுங்கள். வெள்ளையாக வந்தால் டப்பா நல்லது. மங்கலாகக் காட்சி தெரிந்து மேலே கறுத்திருந்தால் நேரம் அதிகம், பாதியாக்குங்கள். இரட்டை உருவம் வந்தால் டேப்பை எடுக்கும்போது டப்பா நகர்ந்திருக்கிறது. மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு டேப்பை எடுங்கள்.

முகத்தைப் போனில் எடுத்து வரைந்தால் மூக்கு பெரிதாகவே வருகிறது. கை சரியில்லையா?

கை சரி, தூரம்தான் சரியில்லை. 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால், மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், காது 42 செ.மீ.-இல் இருக்கிறது. காதோடு ஒப்பிட்டால் மூக்கு உள்ளதைவிட 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது 1.06 மடங்குதான். பின்னால் போய், 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். லென்ஸை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. நின்ற இடம்தான் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

கட்டடம் பின்னால் சாய்வதும் இதே குடும்பம். போனை மேல்நோக்கிச் சாய்த்திருப்பீர்கள். நெட்டுக்குத்தாகப் பிடித்து, கீழே வரும் வெறுந்தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள்.

வெள்ளைச் சுவர், வெள்ளைப் பறவை எல்லாம் சாம்பலாக வருகிறது.

கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும். சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் 1 முதல் 1.5 ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்பாக இருந்தால் ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

ரயில் ஜன்னலிலிருந்து எடுத்தவற்றில் ஒன்றும் தேறவில்லை.

ஷட்டர் வேகம் 1/1000 விநாடியைவிட மெதுவாகப் போகவேண்டாம். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், ஆனால் ஒட்டவைக்காதீர்கள், அதிர்வு ஏறிவிடும். சுற்றிலும் கறுத்த துணி போர்த்தினால் உள்விளக்குப் பிரதிபலிப்பு மறையும். போலரைசர் என்ற, பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். அதோடு உறுதியூட்டிய கண்ணாடியின் வழியாகப் பார்த்தால் வானவில் பட்டைகள் வரும். நேர் பக்கவாட்டில் இருப்பவைதான் வேகமாக ஓடும். வண்டி போகும் திசைக்குச் சற்றே சாய்த்துப் பார்த்தால் காட்சி மெதுவாக நகரும். கம்பங்கள் சாய்ந்து விழுந்தால் போனின்மேல் சந்தேகம் வேண்டாம். சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால், கடைசி வரி வருவதற்குள் கம்பம் நகர்ந்திருக்கிறது.

ஓடும் வண்டியில் நோட்டுதான் சிறந்தது என்பது எங்கள் கட்சி. ஒரு தொடுவானக் கோடு, மூன்று இருட்டுத் திட்டு. அதற்குள் காட்சி போய்விட்டிருக்கும்.

பயணத்தில் பொறுக்கிய இலைகளை சயனோடைப் நீல அச்சாக எடுக்க விரும்புகிறேன். அளவுகள் வேண்டும்.

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்செடுக்கத் தொடங்கிவிட்டார். நீங்கள் நல்ல வரிசையில்தான் சேர்கிறீர்கள்.

முதல் கரைசல்: 100 மி.லி. நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். இரண்டாவது: 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனியாகப் பழுப்பு பாட்டிலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். முதலாவதில் பூஞ்சை படர்ந்தால் வடிகட்டிக்கொள்ளலாம். அச்செடுக்கும் நாளில் மட்டும் சம அளவு கலக்குங்கள். ஏ4 தாளுக்கு 3 மி.லி. தாராளம். மங்கலான மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில், உலோகப் பட்டையில்லாத தூரிகையால் முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே பூசி, இருட்டில் காயவிடுங்கள். கையுறை போடுங்கள். ஃபெரிசயனைடைச் சூடாக்கவோ கடும் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.

இலையை முன்பே புத்தகத்துக்குள் அழுத்திக் காயவைத்திருக்கவேண்டும். ஈர இலை வெயிலில் வியர்த்துத் தாளைக் கறையாக்கும். மேலே கண்ணாடி வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைவிடத் தாளின் நிறத்தை நம்புங்கள். மஞ்சள் பச்சை நீலமாகி, அதையும் தாண்டி வெண்கலச் சாம்பலாக மாறும்போதுதான் எடுக்கவேண்டும். உச்சி வெயிலில் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். நீலம் வந்ததுமே எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, கழுவும்போது பாதி நீலம் நீரோடு போய்விடும். மஞ்சள் முழுதும் நீங்கும்வரை 5 முதல் 10 நிமிடம் தண்ணீரில் அலசுங்கள். நிறம் ஆழமாக ஒரு நாள் ஆகும். நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்தால் அந்த நொடியே தெரியும்.

காரம் இந்த நீலத்துக்கு ஆகாது. சோப்பு நீர், சுண்ணாம்பு கலந்த தாள் இரண்டையும் தவிர்க்கவும். ஓவியம் காலம் தாங்கச் சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் தாள்கள் உண்டு, அவற்றில் நீலம் மங்கும். வெளிச்சத்தில் மாட்டி வெளுத்துப்போன அச்சைச் சில நாள் இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும்.

முடித்த ஓவியத்தைப் படம் எடுத்தால் நாற்கரம் கோணலாகிறது, நடுவில் பளபளப்பு.

பளபளப்புக்கு: ஒரே வகை விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். விளக்கு இல்லாவிட்டால் நேர் வெயில் வராத ஜன்னல் ஒரு பக்கம், வெள்ளை அட்டை மறுபக்கம். வார்னிஷ் பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம்.

கோணலுக்கு ஒரு சின்ன வித்தை: ஓவியத்தின் நடுவில் முகம் பார்க்கும் சிறிய தட்டைக் கண்ணாடியைப் படிய வைத்து, கேமரா வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் கேமராத் திரையின் சரி நடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்துங்கள். தெரிந்தால் இரண்டும் இணையாக இருக்கின்றன. கண்ணாடியை எடுத்துவிட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஸ்டாண்டு, 2 விநாடி டைமர். முதல் படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள், நிறம் திருத்த உதவும். வாட்டர்கலர் என்றால் ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே முட்டினால் மெல்லிய பூச்சுகள் எல்லாம் வெறும் தாளாகிவிடும்.