ஆச்சி, அந்த எட்டு லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆச்சி, நேற்று காரைக்குடி அலுவலகத்துக்கு வந்து உட்காராமலேயே பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். கனடாவில் இருக்கும் உங்கள் வீட்டுத் தம்பியின் ஒர்க் பெர்மிட்டில் பாதி ஓடிவிட்டது, பிஆர் (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) இன்னும் வரவில்லை, பெண் வீட்டார் கேட்கிறார்கள், பிராம்ப்டனில் யாரோ ஒருவர் எட்டு லட்சம் கொடுத்தால் வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதி அனுப்புகிறேன். தம்பிக்கும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

முதலில் அந்த எட்டு லட்சம். வேலைக் கடிதம் வைத்திருந்தால் புள்ளி போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 புள்ளி, பெரிய பதவி என்றால் 200 புள்ளி என்று ஒரு காலத்தில் கொடுத்தார்கள். காசுக்கு விற்கிறார்கள் என்பதாலேயே 2025 மார்ச் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். ஆக அவர் விற்கிற காகிதத்துக்கு இன்று ஒரு புள்ளி கூடக் கிடையாது. பொய்க் கடிதம் என்று கண்டுபிடித்தால் 5 வருஷம் தடை. அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்யச் சொல்லுங்கள்.

சரி, பிஆர் எப்படித்தான் வரும்? அங்கேயே வேலை பார்த்த அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் வழி 2008-லிருந்தே இருக்கிறது, கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்பார்கள். உங்கள் மாமனார் பர்மாவில் பெட்டியடியாக, அதாவது கல்லா உதவியாளாகப் போய், அடுத்தாளாகி, அப்புறம்தான் ஏஜெண்டு ஆனார் என்று சொன்னீர்களே, எந்தப் படியில் எத்தனை நாள் என்பதற்குச் சம்பளச்சீட்டு பேசும். கனடாக்காரனும் அதையேதான் கேட்கிறான். வேலைகளை 0 முதல் 5 வரை படி பிரித்து டீயர் என்று பெயர் வைத்திருக்கிறான். 0, 1, 2, 3-இல் ஒரு வருஷம், அதாவது 1,560 மணி நேரம், சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். 4-ம் 5-ம் எத்தனை வருஷம் பார்த்தாலும் இந்தக் கணக்கில் வராது. படிக்கும்போது பார்த்த பார்ட் டைமும் வராது. வாரத்துக்கு 30 மணி நேரம் வரைதான் கணக்கு, தம்பி 50 மணி நேரம் முதுகொடிய உழைத்தாலும் ஒரு வருஷம் ஒரு வருஷம்தான்.

இப்போது தம்பி விஷயம். மூன்று வருஷப் பெர்மிட்டில் முதல் 14 மாதம் பலசரக்குக் கடைக் கவுன்ட்டர். கேஷியர் டீயர் 5, அது போனது போனதுதான், வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலை, அதற்காக அவனைத் திட்டாதீர்கள். கடைசி நான்கு மாதமாக ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறான், பதவியின் பெயர் அக்கவுண்ட்ஸ் கிளார்க். இங்கேதான் சிக்கல். பில் போடுவது, ரசீதை என்ட்ரி போடுவது மட்டும் என்றால் அது கனடாவின் வேலைப் பட்டியலில் 14200 என்ற எண்ணில் டீயர் 4. பேரேடு முழுவதையும் தானே வைத்துக்கொண்டு, பேங்க் கணக்கோடு ஒத்துப்பார்த்து, ஐந்தொகை எடுக்கிறவரை அவன் கையில் என்றால் அது புக்கீப்பர், 12200, டீயர் 2. அதிகாரி பார்ப்பது பதவியின் பெயரை இல்லை, செய்த வேலையை. பி.காம். படித்த பையன், கம்பெனியில் வேறு கணக்காளரே இல்லை என்கிறீர்கள், அநேகமாக இரண்டாவதுதான். ஆனால் அதை அவன் வாயால் கேட்காமல் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது என்றால் இன்னும் எட்டு மாதம் போதும், பெர்மிட் 18 மாதம் மிச்சம் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள். முதலாவது என்றால் ஆறு மாதத்துக்குள் சரியான வேலைக்கு மாறியாக வேண்டும்.

முதலாளியிடம் கடிதம் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள். லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தான் என்று இருக்க வேண்டும். சில வருஷத்துக்கு முன் நான் வழிகாட்டிய ஒரு பையன், கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான், நானும் நச்சரிக்கவில்லை. கம்பெனியை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பேஸ்லிப்பையும் வாட்ஸ்அப் மெசேஜையும் வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு இருக்கிறதே!

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் முடித்தால் விண்ணப்பிக்கத் தகுதி வரும், அழைப்பு வரும் என்று இல்லை. அழைப்பு புள்ளி வரிசைப்படிதான். 2025-இல் இந்தப் பிரிவில் 500-க்கு மேல் இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். தம்பிக்கு வயசு 26, நம் ஊர் டிகிரியும் அந்த ஊர் டிப்ளமாவும் சேர்த்து உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன், 459 வருகிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் ரைட்டிங்கில் 6.5, மற்றதெல்லாம் நன்றாகவே வாங்கியிருக்கிறான். அந்த 6.5 மட்டும் 7 ஆனால் 467. அரை மார்க்குக்கு 8 புள்ளி, ஆச்சி! எட்டு லட்சத்துக்குக் கிடைக்காதது பரீட்சைக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. இரண்டாவது வருஷ அனுபவமும் சேர்ந்தால் 480 வரும், அப்போதும் 500-ஐத் தாண்டாது. பிரெஞ்சு படிக்கத் தெம்பு இருந்தால் அது தனி ராஜபாட்டை, 2025 மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களை 379 புள்ளிக்கே கூப்பிட்டார்கள். ஆனால் ராத்திரி வேலை முடிந்து வந்து ஒரு புது மொழி படிப்பது எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை, அவனே முடிவு செய்யட்டும்.

கல்யாணம்: நிச்சயம் செய்வதில் தப்பில்லை. ஆனால் விண்ணப்பம் போட்ட பிறகு, பிஆர் கைக்கு வருவதற்குள் தாலி கட்டினால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பின்னால் அந்தப் பெண்ணை ஸ்பான்சர் செய்ய முடியாமல் போய்விடும். பெண் வீட்டாரிடம் இதைப் பளிச்சென்று சொல்லிவிடுங்கள், அவர்கள் பெண்ணுக்காகத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாருங்கள், அவனுக்கு அது சனி ராத்திரி. வீடியோ காலில் மூவரும் பேசுவோம். பேஸ்லிப், டி4 (வருஷச் சம்பளக் கணக்குப் படிவம்), பெர்மிட், பாஸ்போர்ட் எல்லாம் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் தேதியை நான் பார்க்க வேண்டும். இந்தத் தடவை உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போக வேண்டும், சொல்லிவிட்டேன்.