நெஸ்ஸியைப் பார்க்க ஒரு பகல் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூலையில் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் ஸ்காட்லாந்து மலைநாட்டையும், 'நெஸ்ஸி' என்ற விசித்திர மிருகம் வாழ்வதாகச் சொல்லப்படும் நெஸ் ஏரியையும் காட்டும் டூரில் சேரலாமா? இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

பதில்: தாராளமாக. ஆனால் இது நடக்கிற டூர் இல்லை, உட்காருகிற டூர். காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 8 ஆகிவிடும். அதில் பாதிக்கு மேல் வண்டியில்தான். க்ளென்கோ பள்ளத்தாக்கில் கால் மணி நேரம் நிற்பார்கள். ஏரிக்கரை ஊரான ஃபோர்ட் அகஸ்டஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம் நடையால் அல்ல, காலை மடக்கியே வைத்திருப்பதால்தான். அதனால் நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கிவிடுங்கள். கழிவறையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். கைடு கறார் பேர்வழி என்று நினைக்க வேண்டாம்: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்பது அங்கே ஓட்டுநருக்கான சட்டம். ஒரு நிறுத்தம் இழுத்தால் நாள் முழுக்க இழுக்கும்.

போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் பிடியுங்கள். லுப்னெய்க் ஏரி, க்ளென்கோவின் 'மூன்று சகோதரிகள்' என்ற மலை முகடுகள், லோக்கி ஏரி மூன்றும் அந்தப் பக்கம்தான் வரும். வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்கு முன் இருக்கைதான் நல்லது. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை.

கேள்வி: ஃபோர்ட் அகஸ்டஸில் படகு சவாரிக்குப் பணம் கட்டலாமா?

பதில்: ஏரி நடுவில் நிற்க ஆசை என்றால் கட்டுங்கள், ஒரு மணி நேரம் போகும். படங்களில் பார்க்கும் எர்க்கர்ட் கோட்டை கண்ணில் படும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது பல மைல் வடக்கே இருக்கிறது, இந்தப் படகு அவ்வளவு தூரம் போகாது. படகு வேண்டாதவர்கள் 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாயின் ஐந்து மதகுப்படிகளில் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) படகுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். காசு கிடையாது. எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

கேள்வி: வழியெல்லாம் கைடு கதை சொல்வாராமே. எது வரலாறு, எது கட்டுக்கதை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கைடு அவரே பிரித்துச் சொல்வார். சொல்லாவிட்டால் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

க்ளென்கோவில் நடந்தது வரலாறு. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க 1692 ஜனவரி 1 கடைசி நாள். அங்கே வாழ்ந்த மெக்டொனால்டு குலத்தின் தலைவர் சில நாள் பிந்திவிட்டார். அரசுப் படை விருந்தாளியாக வந்து, அவர்கள் வீடுகளிலேயே ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி உண்டுவிட்டு, பிப்ரவரி 13 விடியும் முன் 38 பேரைக் கொன்றது. உயிர் தப்பி ஓடியவர்கள் பலர் பனியில் மடிந்தார்கள். இதைக் கேம்பெல் குலம், மெக்டொனால்டு குலம் என்ற பங்காளிச் சண்டையாகச் சுருக்குவார்கள். படைத் தளபதி கேம்பெல் குலத்தவர்தான், ஆனால் உத்தரவு மேலிடத்தினுடையது.

நெஸ்ஸி இரண்டும் கலந்தது. 6-ஆம் நூற்றாண்டுத் துறவி கொலும்பா ஒரு மிருகத்தை விரட்டியதாகக் கதை, அதுவும் ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். இன்றைய பரபரப்பு 1933-இல் தொடங்கியது. ஏரியோரம் புதுச் சாலை போட்ட காலம் அது. 1934-இல் வந்த பிரபலமான புகைப்படம் பொம்மை நீர்மூழ்கியில் தலையை ஒட்டி எடுத்தது என்று 1994-இல் வெளிவந்தது. 2018-இல் ஏரித் தண்ணீரை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். ஊர்வன எதன் தடமும் இல்லை; விலாங்கு மீன் தடம் ஏராளம்.

கெல்பி என்னும் நீர்க்குதிரை முழுக் கதை. கரையில் சாதுவாய் நிற்கும். பிள்ளைகள் ஏற ஏற முதுகு நீளும். தொட்ட கை பசையாக ஒட்டிக்கொள்ள, குதிரை தண்ணீருக்குள் பாயும். ஒட்டிய விரலைத் தானே வெட்டிக்கொண்டு தப்பிய பையன் ஒருவன் இதில் உண்டு. ஏரியைப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்று புரியும். கரி மண் கலந்த நீர் கறுப்பு. ஆழத்தில் இருப்பது எதுவும் தெரியாது. ஆழம் 230 மீட்டர், அடியில் வருடம் முழுக்க 5, 6 டிகிரிதான். நம் ஊர்க் கிணற்றடியில் பூச்சாண்டி பார்த்த அதே வேலை.

கேள்வி: ஜூலையில் குளிர் இருக்குமா? குடை போதுமா?

பதில்: குடை க்ளென்கோ காற்றில் மடங்கிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டும், உள்ளே ஒரு ஸ்வெட்டரும் எடுங்கள். மழையைவிடத் தொல்லை, மே முதல் செப்டம்பர் வரை மொய்க்கும் 'மிட்ஜ்' என்னும் பொடிக்கொசு. காற்றடித்தால் பறக்காது. காற்று நின்ற மேகமூட்ட வேளையில் கூட்டமாய் வரும். வெளிர் நிறச் சட்டை, முழுக்கை, பூச்சிவிரட்டி மூன்றும் வேண்டும்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்குத் தனி விசா எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லண்டனுக்கு எடுத்த விசாவே போதும்.